மாத்திரை ஆடிய சூதாட்டம்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. புனேயில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, மருந்துகளின் பக்க விளைவு அறிக்கைகளைப் படித்து, வகை பிரித்து, குறியீடு போடுகிற ஆசாமி. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் மாத்திரை சாப்பிட்டவருக்கு அரிப்பு வந்தாலும் சரி, மயக்கம் வந்தாலும் சரி, அது ஒரு தாளாக மாறி என்னைப் போன்ற ஒருவனின் மேஜைக்கு வந்து சேரும். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் பெரியவரின் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2003-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத்தில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் பெயரில் ஒரு பார்கின்சன் மையம் இருக்கிறது. (அலிக்கே பார்கின்சன் இருந்தது. 2016-ல் காலமானார்.) அங்கே ஒரு வருடத்தில் வந்துபோன 1,884 நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் 9 பேர் கட்டுப்பாடே இல்லாமல் சூதாடிக் கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் சாப்பிட்டது ப்ராமிபெக்சோல் என்ற மாத்திரை, ஒருவர் சாப்பிட்டது பெர்கோலைடு. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். பழைய மருந்தான எல்-டோபாவை மட்டும் சாப்பிட்டு வந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

பார்கின்சன் என்றால் நமக்குத் தெரிந்தது கை நடுக்கம், தளர்ந்த நடை, குறுகிப்போன கையெழுத்து. சூதாட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குப் பலரும் புருவம் உயர்த்தினார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இந்த மருந்துகள் மனிதனின் ஆசைகளையும் தொடும் என்பதற்கான அறிகுறிகள் 1960-களின் கடைசியிலிருந்தே கண் முன்னால் இருந்தன. முப்பது வருடங்களுக்கு மேல் ஏன் யாரும் முறையாகக் கேட்கவில்லை? அதற்குக் கொஞ்சம் நீளமாகவே கொசுவத்தி சுற்ற வேண்டும்.

லண்டனில் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற மருத்துவர் 1817-ல் 'நடுக்கு வாதம்' பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறு நோயாளிகள். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இவ்வளவு குறைவான ஆட்களை வைத்து இவ்வளவு துல்லியமாக எழுதியது ஆச்சரியம்தான். ஆனால் இந்த நோயில் புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றும் எழுதிவைத்தார். தெருவில் நடந்துபோகிறவரின் நடையைப் பார்க்கலாம், மனசை எப்படிப் பார்ப்பது? பிறகு வந்த பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, நோய்க்கு பார்கின்சனின் பெயரையே வைத்தார். இது உடல் அசைவு சம்பந்தப்பட்ட நோய் என்ற எண்ணம் நூறு வருடத்துக்கும் மேலாக உறைந்துபோனது. கையைப் பார், காலைப் பார், நடக்கச் சொல்லிப் பார். பரிசோதனை அவ்வளவுதான்.

மருந்தின் கதை அவரைக்காயில் ஆரம்பிக்கிறது. 1913-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஒருவகை அவரையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார். என்ன செய்யும் என்று பார்க்கத் தானே 2.5 கிராம் விழுங்கினார். குமட்டிக்கொண்டு வாந்தி எடுத்ததுதான் மிச்சம். இதனால் பெரிய பயன் இல்லை என்று மூடிவைத்துவிட்டார்கள்.

இங்கே நம்மூர் வருகிறது. 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டார்கள். வேலியோரம் படர்ந்து கிடக்கும், சுணை பட்டால் உயிர் போகிற மாதிரி அரிக்கும் அதே பூனைக்காலிதான். சித்த, ஆயுர்வேத மரபில் இதன் விதையை வாதத்துக்கும் கொடுப்பார்கள், ஆண்மை லேகியங்களிலும் சேர்ப்பார்கள். பின்னாளில் எல்-டோபா ஏற்படுத்திய வில்லங்கத்தை நினைத்தால் அந்த இரண்டாவது உபயோகம் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றை நிரூபிக்க முடியாது என்பதும் உண்மை.

இன்னொரு இந்தியச் செடி இன்னும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சர்ப்பகந்தி. 1931-ல் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் இதன் வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வகில் இதைப் பற்றிப் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிஸ் கம்பெனி ஒன்று வேரிலிருந்து ரெசர்பின் என்ற சாரத்தைப் பிரித்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. கூடவே சிலருக்கு மனச்சோர்வு வந்தது, சிலருக்கு பார்கின்சன் மாதிரியே உடம்பு இறுகியது.

ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி இந்த நூலைப் பிடித்துக்கொண்டார். ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல், காது தொங்கிப்போய்க் கிடந்தன. 1957-ல் அவற்றுக்கு டோபா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தன. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குத் தனி வேலை இருக்கிறது என்பது அங்கிருந்துதான் தெளிவானது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு. 1960-ல் வியன்னாவில் ஹோர்னிகேவிச் என்பவர், பார்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் டோபமைன் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். 1961-ல் அங்கேயே ஊசி மூலம் எல்-டோபா கொடுத்தபோது படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ், சிறிது சிறிதாக அளவைக் கூட்டி வாய்வழியாகக் கொடுத்தால் குமட்டலையும் சமாளிக்கலாம், நோயாளியையும் நடக்கவைக்கலாம் என்று காட்டினார். குகன்ஹைம் ஒரே வாயில் விழுங்கியதுதான் பிரச்சினை போல :-)

உலகமே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கும் எல்-டோபாவை மிஞ்சிய மருந்து கிடையாது.

1969-ல் நியூயார்க்கின் பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் ஆலிவர் சாக்ஸ் என்ற இளம் மருத்துவர் வேறொரு வகை நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் பரவிய ஒரு மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு சிலைபோல் பல பத்தாண்டுகள் உறைந்து கிடந்தவர்கள். எழுந்தார்கள், பேசினார்கள், பாடினார்கள். சில வாரங்களில் ஆட்டம் மாறியது. அடங்காத பசி, அடங்காத காமம், தூக்கமில்லாமை, தானே கடவுள் என்கிற அளவுக்கு வெறி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது. 1973-ல் வெளியான 'அவேக்கனிங்ஸ்' புத்தகத்தில் இதையெல்லாம் சாக்ஸ் ஒளிக்காமல் எழுதினார். 1990-ல் ராபின் வில்லியம்ஸும் டி நீரோவும் நடித்துப் படமாக வந்தபோது நடுக்கமும் ஆவேசமும் இருந்தன, அந்தக் காமம் மட்டும் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. குடும்பத்தோடு பார்க்கிற படமாச்சே.

அதே சமயத்தில் எல்-டோபா கிழவர்களை இளைஞர்களாக்குகிறது என்று பத்திரிகைகளில் கிசுகிசு மாதிரிச் செய்திகள் வந்தன. மருத்துவ இதழ்களிலும் ஆங்காங்கே ஒன்றிரண்டு குறிப்புகள். படித்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். எழுபது வயது மனிதர் திடீரென்று மனைவியைத் தொந்தரவு செய்கிறார் என்பது கேட்பவருக்கு நகைச்சுவை. அந்த மனைவிக்கு என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சாக்ஸின் சாட்சியத்தையும், அவர்கள் சாதாரண பார்கின்சன் நோயாளிகள் இல்லை, மூளை ஏற்கெனவே சேதமானவர்கள் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள்.

இன்னொரு காரணம் துறைப் பிரிவினை. 1954-லேயே கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர், மூளையில் ஓரிடத்தில் மின்சாரம் பாய்ச்சினால் எலி அந்த இன்பத்துக்காகத் திரும்பத் திரும்ப விசையை அழுத்துகிறது என்று காட்டியிருந்தார்கள். அந்தப் பாதையிலும் டோபமைன்தான் ஓடுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. 1972-ல் ஸ்வீடனில் ரைலாண்டர் என்ற மனநல மருத்துவர், ஆம்ஃபெட்டமைன் வகை போதை மருந்துக்கு அடிமையானவர்கள் மணிக்கணக்காகப் பொருள்களைப் பிரித்து அடுக்குவதைக் கவனித்து, அவர்களே பயன்படுத்திய 'பண்டிங்' என்ற கொச்சை வார்த்தையையே அதற்குப் பெயராக வைத்தார். இதெல்லாம் மனநலத் துறைக்காரர்களின் சரக்கு. பார்கின்சனைப் பார்ப்பவர்கள் நரம்பியல்காரர்கள். ஒரே ரசாயனம், இரண்டு மாடி, நடுவில் படிக்கட்டு இல்லை. அதே பண்டிங் எல்-டோபா சாப்பிடும் பார்கின்சன் நோயாளியிடமும் இருக்கிறது என்று ஒருவர் எழுதியது 1994-ல்.

இந்த 'பண்டிங்' என்னவென்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் என் பெரியப்பா. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போனால் ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தைக்கூட டைரியில் எழுதுகிற மனிதர். அவருக்கு அறுபத்துமூன்று வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தார்கள், நடுக்கம் நன்றாகவே குறைந்தது. ஒரு வருடம் கழித்து ஒரு நாள் அண்ணி (பெரியப்பாவின் மருமகள்) போன் பண்ணினார்.

"தம்பி, மாமா ராத்திரி ரெண்டு மணிக்குச் சுவர்க்கடிகாரத்தைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கார். இது ஆறாவது கடிகாரம். பழைய சாமான் கடையிலேருந்து வாங்கிட்டு வர்றார். கேட்டா கோவம் வருது."

"எத்தனை நாளா அண்ணி?"

"நாலு மாசமா. இன்னொண்ணும் இருக்கு தம்பி, உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. போன்ல ஷேர் வாங்கி விக்கறார். எஃப்டி ஒண்ணை உடைச்சுட்டார். அத்தைக்குக்கூடத் தெரியாது."

மாத்திரை அட்டையைப் பார்த்துப் பெயரைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். ப்ராமிபெக்சோல். அலுவலகத்தில் எத்தனையோ தாள்களில் பார்த்த அதே பெயர். டாக்டரிடம் கையைப் பற்றி மட்டும் பேசாமல் கடிகாரத்தையும் ஷேரையும் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். முதலில் பார்த்தவர் வயதானால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார். தஞ்சாவூரில் இன்னொரு நரம்பியல் மருத்துவர் பொறுமையாகக் கேட்டு, அந்த மாத்திரையை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எல்-டோபாவைக் கூட்டினார். மூன்று மாதத்தில் கடிகாரக் கடை மூடியது. நடுக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. எஃப்டி வரவில்லை.

அதற்குள் சொந்தக்காரர்கள் பேசியது பாக்கியில்லை. "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு" என்பதுதான் அதில் நாகரிகமானது.

விட்ட இடத்துக்கு வருவோம். எல்-டோபா வந்து சில வருடங்களிலேயே அதன் இன்னொரு தொல்லை தெரிந்தது. நாள்பட நாள்பட, மருந்து வேலை செய்யும் நேரம் சுருங்குகிறது. உடம்பு தன்னிச்சையாக நெளிந்து ஆடுகிறது. அதனால் டோபமைனாக மாறும் மருந்துக்குப் பதில், டோபமைன் மாதிரியே நடித்து மூளையை ஏமாற்றும் மருந்துகளைத் தேடினார்கள். இவற்றுக்கு டோபமைன் அகோனிஸ்ட் என்று பெயர். டோபமைனின் பதிலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1974-ல் ப்ரோமோகிரிப்டின் பார்கின்சனுக்கு வந்தது. பிறகு பெர்கோலைடு. (இதயத்தின் வால்வைக் கெடுக்கிறது என்று 2007-ல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது.) 1997-ல் ப்ராமிபெக்சோலும் ரோபினிரோலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2000-ல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பீட்டில் ப்ராமிபெக்சோலில் ஆரம்பித்தவர்களுக்கு அந்த நெளிவு ஆட்டம் குறைவாக இருந்தது. விளைவு, வயது குறைந்த நோயாளிகளுக்கு முதலில் இதைக் கொடுப்பது வழக்கமானது. அதாவது வேலை, வங்கிக் கணக்கு, கடன் அட்டை, இணைய வசதி எல்லாம் கையில் இருக்கும் ஆட்களுக்கு.

முதல் எச்சரிக்கை நடுரோட்டில் வந்தது. 1999-ல் எட்டு நோயாளிகள் கார் ஓட்டும்போதே தூங்கிப்போய் மோதிய விஷயம் வெளியானது. பரபரப்பானது, ஏனென்றால் விபத்துக்குச் சாட்சி உண்டு. அடுத்த வருடமே ஸ்பெயினிலிருந்து சூதாட்டத்தில் சிக்கிய 12 பார்கின்சன் நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை, லண்டனிலிருந்து 15 பேரைப் பற்றி இன்னொன்று. லண்டன் ஆட்கள் மருந்துக்கே அடிமையாகியிருந்தார்கள். தேவைக்கு மேல் விழுங்குவது, ஒளித்துவைப்பது, குறைத்தால் சண்டை. மூன்று வருடம் கழித்துத்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன ஃபீனிக்ஸ் கட்டுரை. 2005-ல் மேயோ கிளினிக் 11 பேரைப் பற்றி எழுதியது. அதில் மூன்று பேர் எல்-டோபாவே சாப்பிடாதவர்கள். ஏழு பேருக்கு மாத்திரையை ஆரம்பித்து அல்லது அளவைக் கூட்டி மூன்று மாதத்துக்குள் சூதாட்டம் தொடங்கியிருந்தது. தொடர்ந்து விவரம் கிடைத்தவர்களில், மாத்திரையைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் ஆட்டம் நின்றது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஃபீனிக்ஸில் 1,884-க்கு 9. இருநூறில் ஒருவர்கூட இல்லை. 2010-ல் அமெரிக்கா, கனடா இரண்டிலும் 46 மையங்களில் 3,090 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. இந்த முறை கோப்பைப் புரட்டவில்லை. நேருக்கு நேர் கேட்டார்கள்: சூதாடுகிறீர்களா, கட்டுப்பாடில்லாமல் வாங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, காம எண்ணங்கள் அடங்காமல் இருக்கின்றனவா? சூதாட்டம் மட்டும் 5 சதவீதம். வாங்குவது 5.7, சாப்பிடுவது 4.3, காமம் 3.5. நான்கில் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள் 13.6 சதவீதம். அகோனிஸ்ட் சாப்பிடுபவர்களில் 17.1, சாப்பிடாதவர்களில் 6.9. இரண்டு ஆய்வுகளின் ஆட்களும் முறையும் வேறு, அப்படியே ஒப்பிடக் கூடாது என்று புள்ளியியல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். சரிதான். ஆனாலும் அந்தப் பத்து மடங்கில் பெரும்பகுதி, கேட்டதால் வந்தது என்பது என் கட்சி. கோப்பில் எழுதப்படாத ஒன்றைக் கோப்பைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. எந்த நோயாளியும் தானாக வந்து, டாக்டர் நடுக்கம் பரவாயில்லை, ஆனால் நகையை அடகு வைத்துவிட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

இது நோயின் குணமாக இருக்கக் கூடாதா என்று ஒரு நியாயமான கேள்வி உண்டு. இரண்டு பதில்கள். 2013-ல், புதிதாக நோய் கண்டறியப்பட்டு இன்னும் எந்த மருந்தும் தொடாதவர்களைப் பரிசோதித்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கும் அவர்களுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை. இரண்டாவது, இதே அகோனிஸ்ட் மாத்திரையைக் கால் குடைச்சலுக்காகவும் பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிக்காகவும் சாப்பிட்டவர்களுக்கும், அதாவது பார்கின்சனே இல்லாதவர்களுக்கும், சூதாட்ட வெறி வந்திருக்கிறது. டோபமைன் ஏற்பியைத் தொடும் இன்னொரு மருந்தான அரிபிப்ரசோலுக்கு 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே எச்சரிக்கையை வெளியிட்டது. அது மனநோய்க்குக் கொடுப்பது.

ஏன் இப்படி? தஞ்சாவூர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். மூளையில் டோபமைன் பாயும் வயல்கள் பல. உடல் அசைவைப் பார்க்கும் வயல் கடைமடை, நோயில் அதுதான் முதலில் காய்கிறது. ஆசை, பரிசு, எதிர்பார்ப்பு இவற்றைப் பார்க்கும் வயல் தலைமடை, அங்கே ஆரம்ப காலத்தில் ஓரளவு தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. கடைமடைக்கு எட்ட வேண்டும் என்று மதகைத் தூக்கினால் தலைமடை மூழ்குகிறது. மாத்திரைக்கு வாய்க்கால் பிரித்து விடத் தெரியாது. போதாக்குறைக்கு ப்ராமிபெக்சோல் போன்றவை ஒட்டிக்கொள்ள மிகவும் விரும்பும் டி3 என்ற ஏற்பி இந்தத் தலைமடைப் பக்கம்தான் அதிகம்.

மூழ்கினால் என்ன ஆகும் என்பதை 2004-ல் மைக்கேல் ஃபிராங்க் என்பவரும் அவரது சகாக்களும் அழகாகக் காட்டினார்கள். மருந்தில்லாமல் இருக்கும் பார்கின்சன் நோயாளி, தோற்றதிலிருந்து நன்றாகக் கற்றுக்கொள்கிறார். மருந்து உள்ளே போனதும் ஜெயித்ததிலிருந்து நன்றாகக் கற்றுக்கொள்கிறார், தோல்வி மட்டும் உறைக்க மாட்டேன் என்கிறது. சாதாரணமாக எதிர்பார்த்தது கிடைக்காதபோது டோபமைன் சட்டென்று தாழும், அதுதான் நமக்கு உறைக்கிற உறைப்பு. நாள் முழுக்க மருந்து நிரம்பி நின்றால் அந்தத் தாழ்வு எப்படித் தெரியும்? பெரியப்பா ஒவ்வொரு நஷ்டத்தையும் தேதி வாரியாக டைரியில் எழுதியிருந்தார். அண்ணன் பிறகு எடுத்துக் காட்டினான். கணக்குத் தெரியாமல் போகவில்லை. கணக்கு சுடவில்லை.

இங்கேதான் வழக்கு, நியாயம் எல்லாம் வருகின்றன. செய்தது யார்? கையெழுத்து அவருடையது, விரல் அவருடையது. 2008-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு ஜூரி, சூதாட்டத்தில் பணத்தை இழந்த ப்ராமிபெக்சோல் நோயாளிக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பெரும்பகுதி கம்பெனிக்கான தண்டனைத் தொகை. சரியாக எச்சரிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2012-ல் பிரான்சின் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், ரோபினிரோல் சாப்பிட்டுச் சூதாட்டத்திலும் காமத்திலும் சிக்கிய ஒருவருக்கு ஏறக்குறைய 2 லட்சம் யூரோ கொடுக்கச் சொன்னது. எனக்கு இதில் தொகை முக்கியமில்லை. சம்பளமும் மானமும் போன பிறகு, இது உன் குணம் இல்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்வது சின்ன விஷயமில்லை. அதே சமயம் மாத்திரை சாப்பிடும் எல்லோரும் சூதாடுவதும் இல்லை. வயது குறைந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் இருந்தவர்களிடம் இது அதிகம் என்று அந்த 2010 ஆய்வே சொல்கிறது. மாத்திரை வெற்று நிலத்தில் விதைப்பதில்லை. ஏற்கெனவே கிடக்கிற விதைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது என்று சொல்லலாம். எந்த மனிதனிடம் ஒரு விதைகூடக் கிடையாது?

ஆரம்பத்தில் சொன்ன எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே உலை வைக்கலாம். மெதுவாகக் குறைத்தாலும் சிலருக்குப் பதற்றம், வியர்வை, தாங்க முடியாத மனவலி, மாத்திரைக்கான ஏக்கம் எல்லாம் வருகின்றன. கோகெய்னை விட்டவர்களுக்கு வருவது மாதிரி. 2010-ல்தான் இதற்கே ஒரு பெயர் வைத்தார்கள். இதனால் மருந்தைக் குறைக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. எல்லாம் டாக்டர் கையில் நடக்க வேண்டிய வேலை. 'இயற்கை மருந்து' என்று பூனைக்காலிப் பொடி வாங்கிக் கூடவே சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளே இருப்பது அதே எல்-டோபாதான்.

2009-ல் இதற்கென்று ஒரு சின்னக் கேள்வித்தாள் தயாரித்தார்கள். நோயாளியும் நிரப்பலாம், கூட இருப்பவரும் நிரப்பலாம். அந்த இரண்டாவது வசதியை வைத்தவருக்கு ஒரு கும்பிடு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதை வைத்து ஆய்வும் செய்திருக்கிறார்கள். ஆனால் நம்மூரில் டாக்டர் அறைக்குள் நோயாளியோடு கூடப் போகிற மனைவியோ மகனோ, அவர் முன்னால் இதைச் சொல்ல மாட்டார்கள். நோயாளியை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அந்த இரண்டு நிமிடத்தில் கேட்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். அண்ணிக்குக் கிடைத்த தஞ்சாவூர் டாக்டர் அப்படித்தான் கேட்டாராம்.

என் மேஜைக்கு இந்த வகையில் வரும் தாள்களில் தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நோயாளி என்று இருப்பது அபூர்வம். மனைவி, மகள், மருமகள். இந்தியாவில் 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் பொதுமக்களே பக்க விளைவைத் தெரிவிக்கலாம். அதற்குத் தமிழிலும் படிவம் இருக்கிறது. கட்டணமில்லாத தொலைபேசி 1800-180-3024. மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது ஆரம்பித்தது, எப்போது அளவு கூடியது, என்ன மாறியது. கடைசிக் கட்டத்தில் கடிகாரம் என்றும் எழுதலாம், ஷேர் என்றும் எழுதலாம்.